கிளுவை வேலி போட எந்த மாதம் சரிப்பட்டது

எங்கள் வீடு தாராபுரத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காலியின் மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் சேர்த்து 120 அடி திறந்தே கிடந்தது. கத்தரி, கறிவேப்பிலை, முருங்கைப் போத்து என்று எதை வைத்தாலும் நாலு நாளில் ஆடு வந்து மேய்ந்துவிடும். கல்கால் நட்டு, நாலு வரிசை முள்கம்பி இழுத்து, அதை ஒட்டிக் கிளுவை வைப்பது என்று முடிவு செய்தோம். கிளைக் குச்சியை நட்டே வளர்க்கும் வேலி மரம் அது. கம்பி ஒருநாள் துருப்பிடித்துப் போகும், கிளுவை நிற்கும். காங்கேயம் மாடு மேயும் கொறங்காடுகளை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களை, சுற்றி இன்றும் நிற்பது முள்கிளுவைதான். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், ஓரத்தில் கிளுவை. சிறு வயதிலிருந்து பார்த்த வேலி அது, அதனால் வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஆனால் எப்போது போடுவது என்பதில்தான் இரண்டு வருடம் போனது.

முதல் முறை ஐப்பசியில் தொடங்கினேன். எந்தக் குச்சியை நட்டாலும் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். கம்பி, கல்கால் எதுவும் இல்லாமல் வெறும் குச்சிகள் 60 நட்டேன். வெட்டிய அன்றே, பால் வடிய வடிய நட்டேன். அடுத்த வாரமே வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. குழியில் தண்ணீர் நின்று, அடிப்பக்கம் தோல் உரிந்து, கையால் அழுத்தினால் கூழாக வந்தது. தை மாதம் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை 11. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் ஆத்தா பார்த்துவிட்டுச் சொன்னார்: “மழையில குச்சி நட்டா அழுகாம என்ன கண்ணு பண்ணும்? மழை வாரதுக்கு முன்னாலயே அது வேர் புடிச்சிருக்கோணும்.”

அந்தப் பேச்சுதான் இந்த வருட வேலைக்கு அடிப்படை.

சித்திரையில் குழி தோண்ட ஆரம்பித்தேன். எங்கள் மண் செம்மண், ஒரு அடிக்குக் கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல். வெயிலில் காய்ந்த சுக்கானில் கடப்பாரை போட்டால் கைதான் அதிர்கிறது. முதல் நாள் முழுக்க இரண்டு குழி. அப்புறம் ஒரு ராத்திரி நல்ல கோடை மழை. மறுநாள் மண் சேறாக ஒட்டியதால் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் வெயில் ஏறும் முன் ஆறு குழி முடிந்தது. அதே கடப்பாரை, அதே ஆள். குழி தோண்ட நல்ல நாள் எதுவென்று கேட்டால், கோடை மழை பெய்த மூன்றாம் நாள் என்றுதான் சொல்வேன்.

10 அடிக்கு ஒன்றாக 13 கல்கால். ஒவ்வொன்றும் 7 அடி, அதில் 2 அடி மண்ணுக்குள். நடுவில் நிற்பவற்றுக்குச் சுற்றிலும் கல் போட்டு மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்ததே போதுமானதாக இருந்தது. கம்பியின் இழுவை முழுவதும் மூலைக்காலிலும் கடைசிக் கால்களிலும் விழுவதால் அவற்றுக்கு மட்டும் கான்கிரீட்டும் சாய்வாக முட்டுக்காலும் கொடுத்தேன். வைகாசி வெயிலில் கான்கிரீட் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும் என்பதால் ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். அது கணக்கிட்ட பலத்துக்கு வர 28 நாள் ஆகும். அதுவரை கம்பியைத் தொடவில்லை.

கம்பி கட்ட வந்தவர், வெயில் காலத்தில் இறுக்கி இழுத்தால் மார்கழிப் பனியில் அறுந்துவிடும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 அடி இரும்புக் கம்பி, வெப்பம் 15 டிகிரி குறைந்தால் சுருங்குவது சுமார் அரை சென்டிமீட்டர். அதற்குக் கம்பி அறாது. மூலைக்கால் ஒரு அங்குலம் சாய்ந்தால் அதைவிட ஐந்து மடங்கு தளர்ந்துவிடுகிறது. ஆக, கம்பிக்குப் பருவம் பார்ப்பதைவிட மூலைக்காலைப் பார்ப்பதே முக்கியம். ஆனியில் இழுத்துக் கட்டினோம்.

அடுத்து ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பது இங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிளுவை வளரும் வரை இருக்கட்டும் என்று மேற்குப் பக்கம் பச்சை வலை கட்டியிருந்தேன். இரண்டே நாளில் கிழிந்தது மட்டுமல்ல, காற்றை வாங்கி ஒரு கல்காலையும் ஆட்டிவிட்டது. மறுபடி இடிக்க வேண்டியதாயிற்று. வெறும் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, காற்று ஊடே போய்விடுகிறது. இந்தக் காற்றில் புதுக் குச்சி நட்டிருந்தால் ஆடி ஆடியே வேர் விடாமல் போயிருக்கும். காத்திருந்தது நல்லதாயிற்று.

ஆவணிக் கடைசியில் காற்று அடங்கியது. தெரிந்தவர் கொறங்காட்டில் வேலியைக் கழித்தபோது, அதிகம் இலை இல்லாத, கட்டைவிரலைவிடத் தடித்த கிளைகளாகப் பார்த்து வெட்டி வந்தேன். நாலடி நீளம். இந்த முறை ஒரு வாரம் வேப்ப மரத்து நிழலில் சாய்த்து வைத்தேன், வெட்டிய வாய் காய்ந்து மூடியது. பிறகு 9 அங்குலத்துக்கு ஒன்றாக 160 குச்சி, ஒரு அடி ஆழத்தில் நட்டு, ஒவ்வொன்றையும் கம்பியோடு சணலால் கட்டினேன். ஆடாமல் நின்றதற்கு அந்தக் கட்டுதான் காரணம் என்று நினைக்கிறேன். கம்பி முதலில், குச்சி பிறகு என்ற வரிசையை நான் மாற்றவே மாட்டேன்.

புரட்டாசியில் வந்த சின்னச் சின்ன இடிமழை போதுமானதாக இருந்தது, இரண்டு முறைதான் குடத்தில் ஊற்றினேன். ஐப்பசியில் பெருமழை வந்தபோது பெரும்பாலான குச்சிகளில் கணுவுக்குக் கணு பச்சை முளை. அதைப் பார்த்த காலையில் காபி ஆறிப்போகும் வரை வேலி ஓரமாகவே நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது மார்கழி. 160-இல் 131 தழைத்திருக்கிறது. பிடிக்காமல் போன 29-இல் முக்கால்வாசி தெற்கு மூலையில், துணி துவைக்கும் கல்லிலிருந்து தண்ணீர் வந்து தேங்கும் இடத்தில். தையில் அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பி விடப் போகிறேன். இடைவெளியை நிரப்ப அடுத்த ஆவணிதான். அதுவரை அந்த மூலையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறேன்.