ப்ளஸ் ஒன்னுக்குப் பள்ளி மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், "ப்ளஸ் ஒன்னுக்கு நல்ல பிரைவேட் ஸ்கூலா பாத்துச் சேத்துடலாம்" என்ற பேச்சு தமிழ்நாட்டில் பல வீடுகளில் எழும். பிள்ளை அதுவரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 சதவீதமாக 2020-ல் சட்டம் இயற்றியது. முதலில் எம்பிபிஎஸ், பிடிஎஸ், சித்தா, ஹோமியோபதி போன்ற படிப்புகள். 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு ஆண்டும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பை மட்டும் தனியாரில் படித்துவிட்டுப் பன்னிரண்டுக்குத் திரும்பி வந்தாலும் உரிமை திரும்பாது. மருத்துவத்துக்கு நீட் தகுதி கட்டாயம்தான். ஆனால் இந்த இடங்களுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டுமே போட்டி என்பதால், அதே சமூகப் பிரிவின் பொதுக் கட்-ஆஃபைவிட நன்றாகக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் இடம் கிடைக்கும். இப்படிச் சேர்பவர்களின் கல்லூரி, விடுதிக் கட்டணங்களையும் அரசே ஏற்கிறது. நீட் பயிற்சிக்காகப் பள்ளியை மாற்றுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நஷ்டக் கணக்கு என்றே நான் சொல்வேன். பயிற்சியை வெளியிலும் பெறலாம். இழந்த ஒதுக்கீட்டை எங்கேயும் பெற முடியாது.

அதிகம் பேர் ஏமாறும் இடம் அரசு உதவிபெறும் பள்ளி. சத்துணவு, இலவசப் பாடநூல், சைக்கிள் எல்லாம் அங்கேயும் உண்டு. பார்வைக்கு அரசுப் பள்ளி போலவே இருக்கும். ஆனாலும் 7.5-க்கு அது கணக்கில் வராது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகியவை வரும். கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 இப்போது உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதை வைத்து ஒதுக்கீடும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்த பிள்ளை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு. ஒன்பதையும் அங்கேயே தொடர்ந்தால் இந்த வாய்ப்பு போய்விடும். எட்டு முடிந்த கோடையிலேயே முடிவெடுக்க வேண்டும்.

சிபிஎஸ்இ-யிலிருந்து ஸ்டேட் போர்டுக்கு மாறினால் பொறியியல் கட்-ஆஃப் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்கு வரும் அந்தக் கணக்கில், வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமன்செய்த பிறகே தரவரிசை போடுகிறார்கள். அதனால் அதற்காக மட்டும் மாறத் தேவையில்லை. மாறுவதானால் பத்து முடிந்ததும் மாறுங்கள். சிபிஎஸ்இ-யில் 11, 12 இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு; நடுவில் புகுவதற்குப் பெற்றோர் பணியிட மாற்றம் போன்ற காரணமும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். புதிய பள்ளியில் உயிரியல்–கணிதப் பிரிவு இருக்கிறதா என்பதையும் நேரில் போய்க் கேளுங்கள்.

மாறும்போது மாற்றுச் சான்றிதழோடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படித்தார் என்ற போனஃபைட் சான்றையும் ஒவ்வொரு பள்ளியிலும் அப்போதே வாங்கிவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குத் தரப்படும் எமிஸ் எண் மாறாது. ஆனால் அந்தப் பதிவில் பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவித்து, புதிய பள்ளி சேர்த்துக்கொண்டதா என்று பாருங்கள். வெளிமாநிலத்தில் சில வகுப்புகள் படித்தவர்களுக்கு இன்னொன்று: எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்நாட்டில் படிக்காவிட்டால், பொறியியல் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நாளாகும் என்பதால், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.