பாசிக்காட்டுக்குள் பாஸ்: கயாக்குக்கு ஒத்துவரும் தூண்டில் சாமான்

பாசி அடர்ந்த நீரில் பாஸ் மீன் பிடிக்க என்ன வாங்கலாம் என்று தேடினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ரொம்ப நீளமான, ரொம்ப விறைப்பான ராடு (தூண்டில் கோல்), 80 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்), டிராக்கை (நூல் எவ்வளவு இழுத்தால் ரீலிலிருந்து நழுவும் என்று வைக்கும் பிரேக்) முழுக்க இறுக்கிவிட்டு மீனைப் பாசியோடு பிய்த்து இழு. மோட்டார் படகின் தளத்தில் நின்று வீசுகிறவருக்கு அது சரி. மீன் இழுத்து அவருடைய படகு அசையப்போவதில்லை. கயாக்கில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அதுவும் நீருக்குக் கொஞ்சம் மேலே. முள் மாட்ட ராடைச் சுண்டும்போது படகே மீன் பக்கம் சறுக்குகிறது. அதனால் மீனை நம்மிடம் இழுத்துவரும் சாமானைத் தேடுவதைவிட, நாம் மீனிடம் போய்ச் சேரும்வரை அதை நழுவவிடாமல் வைத்திருக்கும் சாமானைத் தேடுவது நல்லது. கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

முதலில் பாசியைப் பார்க்க வேண்டும். அல்லி இலைப் பரப்பில் இடைவெளி நிறைய. ஆனால் தண்டுகள் கயிறு மாதிரி உறுதி, நூல் அவற்றைச் சுற்றிக்கொண்டால் எளிதில் அறுக்காது. ஹைட்ரில்லா, வேலம்பாசி வகைகள் நொறுங்கும். பிரெய்டு இறுகினால் அறுத்துக்கொண்டு வரும், ஆனால் முள்ளில் கொத்தாக மாட்டும். மூன்றாவது, மேற்பரப்பில் பாய் விரித்தாற்போல் படர்ந்த அடைப்பு. மேலிருந்து பார்த்தால் திடமாகத் தெரிந்தாலும், பல இடங்களில் அதன் அடியில் வெற்றிடம் இருக்கும். நிழலும் இரையும் அங்கேதான், பாஸும் அங்கேதான். பழுப்பேறி அழுகும் அடைப்பை விட்டுவிடுங்கள். அழுகும் பாசி ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் வேறு இடம் போய்விடும். பச்சையாக, இரண்டு வகைப் பாசி கலந்து நிற்கும் விளிம்புதான் நல்ல இடம்.

ராடு: 7 அடியிலிருந்து 7 அடி 3 அங்குலம், ஹெவி பவர் (எளிதில் வளையாதது), நுனிப்பக்கமே வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன். படகுக்காரர்கள் சொல்லும் 7 அடி 6 அங்குலத்துக்கு மேல் கயாக்கில் போகத் தேவையில்லை. மீன் பக்கத்தில் வந்ததும் ராடைத் தலைக்குப் பின்னால் சாய்த்து, இன்னொரு கையால் மீனைப் பிடிக்க வேண்டும். ராடு நீளமானால் மீன் கைக்கு எட்டாத தூரத்திலேயே நிற்கும். அதற்காக 6 அடி 6 அங்குலத்துக்கு இறங்குவதும் தப்பு. மீன் படகின் அடியில் ஓடினால் முனையைச் சுற்றி ராடைக் கொண்டுபோக நீளம் வேண்டும். கடையில் யாரும் பார்க்காத ஒன்று, ரீலுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியின் நீளம். அது அதிகமானால் உட்கார்ந்து வீசும்போதும் சுண்டும்போதும் லைஃப் ஜாக்கெட்டில் இடிக்கும். வாங்குமுன் ஜாக்கெட்டைப் போட்டு, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து, ராடை இரு பக்கமும் வீசிப் பாருங்கள். முழங்கைக்கு அப்பால் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம்.

நுனி பற்றி ஒரு வார்த்தை. தவளை இரைக்கு நுனி கொஞ்சம் வளைய வேண்டும், இல்லையென்றால் அதை நீர்மேல் இடமும் வலமுமாக நடக்க வைக்க முடியாது. பாசியைத் துளைக்கும் கனமான குண்டுக்கு நுனி முதல் அடிவரை விறைப்பு வேண்டும். இரண்டுக்கும் ஒரே ராடு என்றால் தவளைக்கு ஏற்றதையே எடுப்பேன். உட்கார்ந்தபடி செய்யும் வேலை பெரும்பாலும் அதுதான்.

ரீல் பெய்ட்காஸ்டர்தான், அதாவது வீசும்போது ஸ்பூலே (நூல் சுற்றிய உருளையே) சுழலும் வகை. கியர் விகிதம் 7:1 (கைப்பிடி ஒரு சுற்று, ஸ்பூல் ஏழு சுற்று) அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். ஒரு சுற்றுக்குச் சுமார் 75 செ.மீ. நூலாவது உள்ளே வர வேண்டும். மீனை வேகமாக இழுக்கத்தான் இந்த வேகம் என்று நினைப்பார்கள். கயாக்கில் இதன் முக்கிய வேலை தொய்வை எடுப்பது. காற்று நம்மை இரையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு நொடியும் நூல் தொய்கிறது. தொய்வோடு சுண்டினால் பாதி வீச்சு தொய்வை எடுப்பதிலேயே போய்விடும். 8:1 சுற்ற வேகம்தான், ஆனால் ஒரு கொத்துப் பாசியோடு மீன் வரும்போது கைப்பிடி கனக்கும். ரீலின் கைப்பிடி நீளமாக, குமிழ்கள் பெரிதாக இருந்தால் ஈரக் கையிலும் நழுவாது.

டிராக் விஷயத்தில் படகுக்காரர்களோடு ஒத்துப்போக மாட்டேன். முழுக்கப் பூட்டாதீர்கள். நூலை ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பலமாக இழுத்தால் மட்டும் நழுவும் அளவுக்கு, 6 அல்லது 7 கிலோ இழுவையில் வையுங்கள். முன்பக்கம் இழுக்கும் மீனால் ஆபத்தில்லை, படகு அதன் பின்னால் போகும். பக்கவாட்டில், படகை ஒட்டிக் கீழே பாயும் மீன்தான் பிரச்சினை. பூட்டிய டிராக், விறைத்த ராடு, சாய்ந்த உடம்பு மூன்றும் சேர்ந்தால் கயாக் கவிழும். தலை படகின் விளிம்பைத் தாண்டக் கூடாது. உடம்பு எப்போதும் தலையைப் பின்தொடரும்.

நூலில் பேரம் பேச இடமில்லை: பிரெய்டு. திறந்த விளிம்புக்கும் அல்லிக்கும் 50 பவுண்டு, அடைப்புக்கு 65. 65 பவுண்டு பிரெய்டின் பருமன் ஏறக்குறைய 16 பவுண்டு நைலான் நரம்பின் பருமன்தான். மெல்லிய, நீட்சி இல்லாத இந்த நூல் பாசித் தண்டை அறுக்கும். நைலான் நீண்டுகொடுத்து மீனைப் பாசிக்குள் புதைய விட்டுவிடும். 80 பவுண்டு வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு: கயாக்கில் மாட்டிய நூலை அறுக்கவும் முடிய வேண்டும். மூழ்கிய மரத்தில் 80 பவுண்டு சிக்கினால் படகில் கட்டிப்போட்ட மாதிரிதான்.

வெறும் உலோக ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுற்றும் வழுக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. காரணம் அடியில் பிடிப்பு இல்லாததுதான். முதலில் 10 மீட்டர் நைலான் நரம்பு, அதன்மேல் பிரெய்டு. சுற்றும்போது ஈரத் துணியால் நூலை அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால், பெரிய இழுவை வரும்போது மேல்நூல் கீழ்ச்சுற்றுகளுக்குள் புதைந்து, அடுத்த வீச்சில் பாதி வழியில் சடாரென்று நின்றுவிடும். அப்போது இரை பறந்துபோகும், அல்லது ஸ்பூல் சிக்கலாகும். இரையைக் கட்டப் பாலோமர் முடிச்சு (நூலை இரட்டையாக மடித்துக் கண்ணில் நுழைத்துப் போடுவது). எச்சில் தடவி மெதுவாக இறுக்கி, வால் நூலை 5 மி.மீ. விட்டு வெட்டவும். ஒட்ட வெட்டினால் பிரெய்டு வழுக்கும். நூல் நுனியில் ஃபுளோரோகார்பன் லீடர் (நீரில் எளிதில் தெரியாத துணை நரம்பு) கட்டாதீர்கள். அடைப்புக்குள் மீன் நூலைப் பார்ப்பதில்லை, இணைப்பு முடிச்சில் பாசி மட்டும் சேரும்.

இரைகளில் முதலிடம் உள்ளீடற்ற ரப்பர் தவளைக்கு. மேல்நோக்கிய இரட்டை முள் உடம்போடு ஒட்டியிருப்பதால் அது பாசிமேல் வழுக்கிப் போகும்; மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். எனவே வாங்கும்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். லேசான அழுத்தத்திலேயே முள் இரண்டும் முழுதாகத் தெரிய வேண்டும். கெட்டியான ரப்பர் என்றால் மீன் அடிக்கும், மாட்டாது. குறட்டால் இரண்டு முள்ளையும் வெளிப்பக்கமாக ஒன்றிரண்டு மி.மீ. விரித்துவிட்டால் மாட்டும் வாய்ப்பு கூடும். அதற்குமேல் விரித்தால் ஒவ்வொரு தண்டிலும் சிக்கும். சில வீச்சுக்கு ஒருமுறை வயிற்றை அமுக்கி உள்ளே புகுந்த நீரை வெளியேற்ற வேண்டும். வால்பக்கம் தாழ்ந்து மிதந்தால் நீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எடை அரை அவுன்ஸ் முதல் முக்கால் அவுன்ஸ் வரை. தடித்த அடைப்பில் கனமானதே மேற்பரப்பை அழுத்தி அடியில் இருக்கும் மீனுக்குத் தெரியும். நிறத்தைப் பற்றிக் கடையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். மீன் பார்ப்பது வயிறு மட்டும். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று போதும்.

தவளையில் தவறவிடுவது ஏன் என்றால், தண்ணீர் வெடித்த சத்தத்துக்கே சுண்டிவிடுகிறோம். பாசியைக் கிழித்துக்கொண்டு வந்த மீனின் வாயில் அந்த நேரத்தில் பாதி பாசி. ராடு நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, கனம் தெரிந்த பிறகு மேல்நோக்கிச் சுண்டவும். உட்கார்ந்த நிலையில் நுனியை நீர்மட்டத்துக்கு இறக்கினால்தான் மேலே வீச முழு இடம் கிடைக்கும். நுனி ஏற்கெனவே உயரத்தில் இருந்தால் சுண்ட மிச்சமிருப்பது ஒரு முழம்.

அடைப்பைத் துளைத்து இறங்க டெக்சாஸ் ரிக்: நூலில் குண்டு, அதன் கீழே முள்நுனி மறைந்த மென்மையான இரை. மெல்லிய பாசிக்கு 3/8 அவுன்ஸ் புல்லட் குண்டு, பாய் அடைப்புக்கு 1 அவுன்ஸ், மிகத் தடித்ததற்கு 1½. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தி அதிகம். அதே எடைக்குச் சிறியது, சின்னத் துளை வழியே போகும். குண்டுக்கு மேலே இரண்டு ரப்பர் ஸ்டாப்பர் போட்டு அசையாமல் நிறுத்துங்கள். இல்லையென்றால் குண்டு கீழே போய்விடும், இரை மேலேயே தங்கிவிடும். முள் 4/0 அளவு, தடித்த கம்பி, நேரான தண்டு, ஸ்னெல் முடிச்சு. நூல் கண்ணின் முன்பக்கமாக நுழைந்து தண்டில் சுற்றப்பட்டால், இழுக்கும்போது முள்நுனி மேல்நோக்கித் திரும்பி மேல்தாடையில் ஏறும். இரை கைகால் அதிகமில்லாத, குட்டையான சாஃப்ட் பிளாஸ்டிக். நீண்ட வால் பாசித் தண்டைச் சுற்றிக்கொண்டு மேலேயே நின்றுவிடும். இந்த முறை நின்று செய்யும்போதுதான் சுகம். கயாக்கின் அகலம் 34 அங்குலத்துக்குக் குறைவு என்றால் இதற்கென்று தனி ராடு சுமக்காதீர்கள்.

மூன்றாவதாக, விளிம்புகளுக்கு 3/8 அவுன்ஸ் ஸ்விம் ஜிக் (கனத்த தலையும் ரப்பர் இழைகளும் உள்ள ஒற்றைமுள் இரை). தலை கூம்பாக, நூல் கட்டும் கண் மூக்கு நுனியிலேயே இருக்க வேண்டும். கண் மேலே தூக்கியிருந்தால் அந்த இடுக்கில் பாசி சேரும். மும்முள் மாட்டிய எந்த இரையும் கரையிலேயே இருக்கட்டும். பாசிக்கொத்தைக் கையால் கிளறி மீனை எடுக்கும் இடத்தில், எங்கே இருக்கிறதென்று தெரியாத இரண்டு மும்முட்கள் மருத்துவமனைக்கு வழி.

ஆக மூன்று ராடு போதும், இரண்டே போதும் என்றாலும் எனக்குச் சம்மதம். பின்னால் செங்குத்தாக நிற்கும் ராடுகள் கோரைக்குள் போனதும் எல்லாவற்றிலும் சிக்கும். நுனி முன்பக்கம் பார்க்கப் படுக்கவைக்க வசதியுள்ள கயாக்கே இதற்கு ஏற்றது. சுக்கான் பாசியை அள்ளும், தூக்கிக் கட்டிவிடுங்கள். பெடல் விசிறி அடைப்பில் சுற்றிக்கொள்ளும். மீன்துடுப்பு மாதிரி அசையும் பெடல் வகையில், மடல்களை அடிப்பக்கத்தோடு ஒட்டவைத்து மிதந்து உள்ளே போகலாம். சோனார் (ஒலியால் மீனைக் காட்டும் கருவி) அடர்ந்த பாசிக்குள் கிறுக்கலைத்தான் காட்டும், அதை விளிம்புவரை மட்டும் நம்பலாம்.

நங்கூரம் வேண்டாம். கயிறும் பாசியும் சேர்ந்த கட்டியைத் தூக்குவதே தனி வேலை, கவிழும் வாய்ப்பும் உண்டு. ஆழம் குறைவென்றால் ஊன்றுகோல் ஒன்று போதும். அதைவிட எளிது, இரண்டு தள்ளு தள்ளி மூக்கை அடைப்பின்மேல் அரை மீட்டர் ஏற்றி நிறுத்துவது. பாசியே படகைப் பிடித்துக்கொள்ளும், சுண்டும்போது சறுக்கல் குறையும். நூலும் முன்பக்கமே இருக்கும்.

மீன் மாட்டி, உடனே பாசிக்குள் புதைந்து, அசையாமல் நின்றால் ரீலைச் சுற்றிப் போராடாதீர்கள். அந்த இழுவையில் முள் துளையைப் பெரிதாக்கும், அல்லது வளையும். நூலை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ராடை ஒரு கையில் உயர்த்தி, படகை அதன்மேல் கொண்டுபோங்கள். நூலைத் தொட்டபடியே கையைக் கீழே இறக்கிக் கொத்தை விலக்கினால் கீழ்த்தாடை கிடைக்கும். கிடைக்காவிட்டால் ரப்பர் வலையால் கொத்தோடு அள்ளலாம். நூல் வலையில் முள்ளும் பாசியும் பின்னிக்கொள்ளும். நூலை ஒருபோதும் உள்ளங்கையில் சுற்றி இழுக்க வேண்டாம், பிரெய்டு சதையை அறுக்கும். ஒரு சாண் மரக்கட்டை வைத்திருந்து அதில் சுற்றி இழுங்கள். நீண்ட மூக்குக் குறடு, பிரெய்டு கத்தரி இரண்டும் ஜாக்கெட்டிலேயே தொங்கட்டும். கத்தி ஒன்று, ஒற்றைக் கையால் எட்டும் இடத்தில். பாசிக்குள் விழுந்தால் கால்களைச் சுற்றும், நீந்தவோ படகில் ஏறவோ கடினம். ஜாக்கெட் இல்லாமல் அடைப்புக்குள் போவதில் எந்த நியாயமும் இல்லை.

கரையேறியதும் நூலின் முதல் இரண்டு மீட்டரை விரலில் உருவிப் பாருங்கள். நார் பிரிந்து சொரசொரத்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டவும். படகின் வடிகால் துளைகள், சுக்கான் இடுக்கு, பெடல் குழி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் பாசியை அங்கேயே எடுத்துப் போட்டு, அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகுமுன் படகை நன்றாகக் காயவிடுங்கள். ஹைட்ரில்லாவின் ஒரே ஒரு கணுத் துண்டு போதும், புதிய நீரில் அது வேர்விட்டுப் படரும்.