மூன்று உறைக்குள் இருந்த புத்தகம்

நான் வேலை பார்க்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் ஒரு கிளைச் சாலையின் முடிவில் இருக்கிறது. காலையில் சேலத்தில் ஏறும் பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டில் இறக்கிவிட்ட பிறகு, இன்னொரு வண்டி பிடித்துத்தான் அங்கே போக வேண்டும். ஆசிரியர்கள் இருவர், வகுப்புகள் ஐந்து. நூலகம் என்றால் தலைமை ஆசிரியரின் மேசைக்குப் பின்னால் நிற்கும் பச்சை நிற இரும்புப் பீரோதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதன் சாவி என் கைக்கு வந்தபோது, இருப்புப் பதிவேடும் ஓர் எச்சரிக்கையும் கூடவே வந்தன. “ஒண்ணு குறைஞ்சாலும் தணிக்கையில நாமதான் பதில் சொல்லணும் டீச்சர், பாத்துக்கங்க.”

அந்த எச்சரிக்கையை நான் அப்படியே பிள்ளைகளின் தலையில் இறக்கி வைத்தேன். நூலகப் பாடவேளையின் முதல் நாளன்று கரும்பலகையில் பதினொரு விதிகளை எழுதினேன். மடிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது, எச்சில் தொடக் கூடாது, அடுப்பருகே வைக்கக் கூடாது, தம்பி தங்கையிடம் கொடுக்கக் கூடாது என்று எல்லாமே ‘கூடாது’வில் முடிந்தன. தொலைத்தால் விலையைக் கட்ட வேண்டும் என்பது பதினோராவது. பிள்ளைகள் அவற்றை நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார்கள். நானும் பொறுப்பைக் கற்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அப்போது மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். யானையைப் பற்றிய படக்கதை ஒன்றை ஆசையோடு வாங்கிச் சென்றவள், மறுநாள் காலை இறைவணக்கத்துக்கு மணி அடிப்பதற்கு முன்பே என்னைத் தேடி வந்து அதைத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே துணிக்கடை உறை, அதற்குள் மளிகைக்கடை உறை, அதற்குள் ரொட்டி வந்த உறை என மூன்றையும் பிரித்த பிறகுதான் புத்தகம் கண்ணில் பட்டது. “யானைக்குக் கடைசியில என்ன ஆச்சு?” என்று கேட்டேன். “தெரியாது டீச்சர். நான் பிரிக்கவே இல்ல. கிழியாம பத்திரமா வெச்சிருந்தேன்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்குப் பேச்சு எழவில்லை. பதினொரு விதிகளில் ஒன்றைக்கூட அவள் மீறியிருக்கவில்லை.

சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கென ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவற்றில் முதலாவது. அதை விளக்கும் இடத்தில், ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததைப் பற்றி அவர் எழுதுகிறார். அந்தச் சங்கிலி செய்த வேலையைத்தான் எங்கள் பீரோவின் பூட்டு இத்தனை காலமாகச் செய்துவந்தது. பூட்டைத் திறந்த பிறகு என் பதினொரு விதிகள் செய்தன. பூட்டி வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. காணாமல் போகும் புத்தகத்துக்குக் கைப்பணம் கட்ட நேருமோ என்று அஞ்சுகிற எவரும் பூட்டத்தான் செய்வார்கள். உலகத்து நூலகங்களுக்கெல்லாம் அரங்கநாதனுக்கு ஐந்து விதிகள் போதுமானவையாக இருந்தன, ஒரு பீரோவுக்கு எனக்குப் பதினொன்று தேவைப்பட்டது என்பதுதான் வெட்கம்.

எனவே கரும்பலகையை அழித்துவிட்டுக் கைகளிலிருந்து தொடங்கினேன். சுவரோரம் ஒரு மரத் தட்டு அடித்து, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் புத்தகங்களை நிறுத்தினோம். வரிசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கச் சொன்னால், எல்லாப் பிள்ளைகளும் அதன் முதுகின் மேல் விளிம்பில் விரலைக் கொக்கிபோல மாட்டித்தான் இழுப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் செய்கிறோம், முதுகு முதலில் கிழிவதும் அந்த இடத்தில்தான். இரு பக்கமும் உள்ள புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் நிற்பதன் இடுப்பைப் பிடித்து எடுக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். ‘இடுப்பு’ என்ற சொல் அவர்களுக்குச் சிரிப்பை மூட்டியதால் அந்தப் பாடம் ஒரே நாளில் பதிந்துவிட்டது.

புதிய புத்தகத்தைத் திறப்பதற்கு ஒரு முழுப் பாடவேளை எடுத்துக்கொண்டேன். முதுகு மேசையில் படும்படி புத்தகத்தை நிறுத்தி, முன்னட்டையை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், பிறகு பின்னட்டையை. அடுத்து முன்பக்கத்திலிருந்து நாலைந்து தாள்களைச் சாய்த்து உள்ளோரத்தை விரலால் நீவ வேண்டும். பிறகு பின்பக்கத்திலிருந்து நாலைந்து. இப்படி மாறி மாறி நடுப்பக்கம் வரை வந்தால், பசையால் ஒட்டிய புத்தகம் முதுகு வெடிக்காமல் பழகிவிடும். எடுத்தவுடன் நடுவில் பிளந்தால், குளிரில் விறைத்திருக்கும் பசை மளுக்கென்று உடைந்து, ஒரு மாதத்தில் தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஒரு பையன் இதைச் செய்துகொண்டே, பிறந்த கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுப்பதுபோல இருக்கிறது என்றான். அந்த உவமையை நான் அவனிடமிருந்து கடன் வாங்கி இன்றுவரை பயன்படுத்துகிறேன்.

இடம் மாறி வைத்த புத்தகமும் தொலைந்த புத்தகம்தான் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பழைய நோட்டு அட்டைகளை அடிக்கோல் அளவுக்கு வெட்டி, ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஓர் அட்டை கொடுத்தேன். புத்தகத்தை எடுத்ததும் அந்த இடத்தில் தன் அட்டையைச் செருக வேண்டும். திருப்பி வைக்கும்போது அட்டையை உருவிக்கொள்ள வேண்டும். இதன்பிறகு நான் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று. ஏனெனில் யாருடைய அட்டை எங்கே நிற்கிறது என்று பார்த்து, அவர் படிப்பதைத் தானும் அடுத்துக் கேட்பது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது.

எதை எடுப்பது என்பதில் நான் அதிகம் தலையிடுவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்தபோது, ‘நுழை’யை எடுக்க வெட்கப்பட்டு ‘பற’வை எடுத்து முழித்தவர்கள் உண்டு. ஒரு பக்கத்தைப் படிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் அதைப் பிறகு படிக்கலாம் என்று சொன்னதோடு சரி.

வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதுதான் உண்மையான சோதனை. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீடு என்பது தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லயன் வீடு. ஒரே அறையில் விறகு அடுப்பு, படுக்கை, தண்ணீர்க் குடம், கைக்குழந்தை எல்லாம் இருக்கும். அங்கே புத்தகத்தைப் பத்திரமாக வை என்று சொல்வதில் பொருளே இல்லை. ஆகவே புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: இன்று இரவு இது எங்கே தூங்கும்? டிரங்குப் பெட்டிக்கு மேல் என்பான் ஒருவன். ஆணியில் மாட்டிய மஞ்சப்பையில் என்பாள் ஒருத்தி. பதில் தெரியாதவர்கள் வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார்கள். இப்போது எல்லோரிடமும் நூலகத்துக்கென்று ஒரு மஞ்சப்பை இருக்கிறது. நெகிழி உறை இந்த மலைக்கு ஒத்துவராது என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். மூடுபனியில் ஈரம் ஏறிய புத்தகத்தை உறைக்குள் இறுக்கி வைத்தால் நாலு நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். துணிப்பையில் காற்று போய்வரும். அடைமழை நாட்களில் மட்டும் புத்தகம் வீட்டுக்குப் போவதில்லை. பள்ளியிலேயே படித்துவிட்டுப் போகிறார்கள்.

அப்படியும் நனையத்தான் செய்கிறது. முதல் ஆண்டின் இறுதியில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணிப் போய்ப் பார்த்தபோது, அவன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தங்கை குடத்தைக் கவிழ்த்துப் புத்தகம் ஊறிவிட்டதாம்; விலை கட்டப் பணமில்லை என்று வீட்டிலும் சொல்லாமல் மறைத்திருக்கிறான். வெயிலில் காயப்போட்டதில் அட்டை அப்பளமாக வளைந்திருந்தது, பளபளப்பான படத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகியிருந்தன. நனைந்த அன்றே சொல்லியிருந்தால், ஈரத்தோடு இருக்கும்போதே தாள்களுக்கு இடையே செய்தித்தாளை வைத்து, நிழலில் விசிறிபோல விரித்து நிறுத்திப் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். அவன் சொல்லாததற்குக் காரணம், கரும்பலகையை அழித்த பிறகும் நான் விடாமல் வைத்திருந்த பதினோராவது விதி. அன்றோடு அதை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக வாசற்படி அருகே ஒரு மூங்கில் கூடை இருக்கிறது. கிழிந்தது, நனைந்தது, தையல் விட்டது எதுவானாலும் அதில் போட்டுவிட்டு, எப்படி ஆயிற்று என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்தால் போதும். பிள்ளைகள் அதற்குக் ‘காயக்கூடை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ‘ஆடு தின்னுருச்சு’ என்ற ஒரு சீட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன், விசாரித்ததில் உண்மைதான். வெள்ளிக்கிழமை மாலையில் கூடையைக் கொட்டி வைத்தியம் பார்ப்போம். செல்லோ டேப் ஒட்டுவதை முதலிலேயே நிறுத்திவிட்டேன், ஏனென்றால் நாளாக ஆக அதன் பசை மஞ்சளாகக் கறைபட்டு, எழுத்தையும் மறைத்துத் தாளையும் முறுக்கிவிடுகிறது. மெல்லிய தாளை மைதாப் பசையில் ஒட்டுவதுதான் எங்கள் முறை. புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள்; அது நஞ்சு என்பதால் பள்ளிக்குள் அதை நான் கொண்டுவருவதில்லை. பதிலுக்கு, மழை ஓய்ந்த தை மாதத்தில் தட்டு முழுவதையும் காலி செய்து, ஒவ்வொரு புத்தகத்தையும் நிழலில் விரித்துத் தட்டி, வசம்பைத் துணியில் முடிந்து மூலைகளில் வைக்கிறோம். ராமபாணப் பூச்சி வெள்ளியாக மின்னிக்கொண்டு ஓடுவதைப் பிடிக்க ஒரு போட்டியே நடக்கும். சிறு நூல்களின் நடுவில் அடித்திருக்கும் கம்பி ஊசிகள்தான் இன்னும் தீராத தலைவலி. பனிக்குத் துருப்பிடித்து நடுப்பக்கத்தை அரித்துவிடுகின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு நூலால் தைக்க ஐந்தாம் வகுப்பினர் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

தணிக்கைக்கு என்ன செய்கிறீர்கள் என்று மற்றப் பள்ளி ஆசிரியர்கள் கேட்பதுண்டு. தொலைந்தவற்றையும் பயன்படாமல் போனவற்றையும் மாதந்தோறும் தேதியிட்டுத் தனியாக எழுதி நானும் தலைமை ஆசிரியரும் கையெழுத்திடுகிறோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை ஒதுக்க இடமிருக்கிறது. அது புத்தகங்கள் தேயும் என்று தெரிந்தே வைத்த தொகை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இந்த மூன்று ஆண்டுகளில் தொலைந்தவை ஆறு. அவற்றில் இரண்டு, வெளியூருக்கு வேலைக்குச் சென்ற குடும்பங்களோடு போயிருக்கின்றன. அவை இப்போதும் எங்கோ படிக்கப்படுகின்றன என்று நினைத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

ஒருமுறை பிள்ளைகளை வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்லி, அதில் நூலக வரி என்று இருக்கும் இடத்தைத் தேடச் சொன்னேன். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிக்கப்படும் அந்தப் பணம் பொது நூலகங்களுக்குப் போவது, எங்கள் தட்டுக்கு வருவதில்லை என்பதையும் சொன்னேன். ஆனாலும் ரசீது வைத்திருந்தவர்கள் அதைக் காட்டி, சேலத்தில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று பேசிக்கொண்டார்கள். லயன் வீட்டுப் பிள்ளைகளிடம் ரசீது இல்லை. அதை முன்கூட்டியே யோசிக்காதது என் தவறு. அந்தப் பாடத்தை நான் மறுபடி எடுக்கவில்லை.

வழங்கல் பதிவேட்டை இப்போது ஐந்தாம் வகுப்பினரே எழுதுகிறார்கள். தேதி, பெயர், புத்தக எண் ஆகியவற்றோடு, திரும்பி வரும்போது புத்தகம் எப்படி இருக்கிறது என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் தொடங்கியதும் பெற்றோர் விடிவதற்குள் கிளம்பிவிடுவதால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் வருகை குறையும், பதிவேடும் மெலியும். ஆனால் அந்த நாட்களில் வெளியே போகும் புத்தகங்கள் அழுக்காகித் திரும்புவது அதிகம். அன்று மூன்று உறைகளில் சுற்றிக்கொண்டு வந்த சிறுமி இப்போது ஐந்தாம் வகுப்பில் பதிவேட்டுப் பொறுப்பில் இருக்கிறாள். போன வாரம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதே யானைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதியது இது: “பக்கம் 7 ஓரம் மடிப்பு. பக்கம் 12 சோறு பட்ட கறை. கடைசி வரைக்கும் படிச்சிருக்கான். கேட்டுப் பார்த்தேன், சரியா சொன்னான்.”