மீன் பிடிக்காதவன் எழுதிய ஏடு

ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு வேலை நிமித்தம் குடிவந்த மூன்றாம் ஆண்டில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் வற்புறுத்தலால் அவருடைய சால்மன் மீன்பிடி சங்கத்தில் நானும் சேர்ந்தேன். சங்கத்தின் துறை டே ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றின் பெயரே அதுதான். நான் யாரையும் மரியாதைக் குறைவாக விளிக்கவில்லை.

அங்கே ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை சால்மன் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சட்டப்படி கூடாது. அந்த ஆண்டு நான் பதினொரு நாட்கள் இடுப்பளவு நீரில் நின்று ஒரு மரக்கிளையையும், என் தொப்பியையும், பெரியவரின் கம்பளிச் சட்டையின் தோள்பட்டையையும் பிடித்தேன். கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறிவிட்ட சால்மன் இரை தின்பதில்லை. பசியில்லாத மீனிடம் இறகு கட்டிய முள்ளை நீட்டினால் அது ஏன் கவ்வுகிறது என்பதற்கு உறுதியான பதில் எவரிடமும் இல்லை. என் முள்ளை ஏன் கவ்வவில்லை என்பதற்கு மட்டும் சங்கத்தில் அனைவரிடமும் பதில் இருந்தது.

பருவத்தின் கடைசி வாரத்தில் மாலைதோறும் சங்கத்தின் மரக்கொட்டகை நிரம்பிவிடும். விறகடுப்பைச் சுற்றி ரப்பர் காலுடைகள் தலைகீழாகத் தொங்க, ஈரக் கம்பளியின் ஆவியும் இரண்டு நாய்களின் வாடையும் விஸ்கியின் மணமும் கலந்த அந்த வெப்பத்தில், மீன்கள் வேகமாக வளரும். செவ்வாயன்று எட்டு பவுண்டாக இருந்த மீன் வெள்ளியன்று பன்னிரண்டைத் தொட்டிருக்கும். பிடித்ததை ஆற்றிலேயே விட்டுவிடுவது எங்கள் சங்கத்தின் வழக்கம் என்பதால் சாட்சி சொல்ல மீன் வராது. நீளத்தை அளந்து, சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து எடையை எழுதுவோம். 30 அங்குலம் என்றால் சுமார் 10 பவுண்டு. எழுதும் ஏட்டை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒரு மீன்கூடப் பிடிக்காதவனுக்குப் பொய் சொல்லத் தேவையில்லை என்பது தலைவரின் வாதம்.

அக்டோபர் 15 மாலை ஏட்டைப் படித்தேன். ஆண்டின் பெரிய மீனுக்கான கோப்பை பெரியவருக்கு: 30 அங்குலம். அடுத்த இடம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு: 29. இதே ஆற்றில் 1922இல் 64 பவுண்டு சால்மனைப் பிடித்து, இன்றுவரை முறியாத பிரிட்டிஷ் சாதனையை நிகழ்த்திய ஜார்ஜினா பாலன்டைனும் ஒரு பெண்தானே என்று அந்த அம்மையார் எல்லோருக்கும் நினைவூட்டினார். பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி நடந்ததற்கு ஜன்னல் திரையே காரணம். திரைத்துணி வாங்க அளவெடுக்கச் சொல்லி மனைவி கொடுத்திருந்த இன்ச் டேப் என் சட்டைப்பையில் இருந்தது. பெரியவர் மீனை அளப்பதற்காகத் தம் தூண்டில் கோலின் அடிமுனையிலிருந்து 30 அங்குலத்தில், மின்கம்பியில் சுற்றும் சிவப்பு டேப்பைச் சுற்றியிருந்தார். பக்கத்தில் சாத்தியிருந்த அந்தக் கோலைச் சும்மா இருக்கமாட்டாமல் அளந்தேன். சும்மா இருக்கமாட்டாமல் வாய்விட்டும் சொன்னேன்: 26. பசை ஊறி, நாடா நான்கு அங்குலம் கீழே நழுவியிருந்தது. அட்டவணைப்படி பத்து பவுண்டு மீன் ஆறரைக்கு இளைத்தது.

கொட்டகையில் அடுப்பின் சத்தம் மட்டும் கேட்டது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனான பெரியவர், குளிரில் கோல் சுருங்கியிருக்கும் என்றார். அது கார்பன் ஃபைபர் கோல். இதற்குள் மூன்று உறுப்பினர்கள் எழுந்து, தத்தம் கோல்களை ஓசைப்படாமல் கார்களுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். ஆசிரியை மட்டும் தம் கோலை நீட்டினார். அவருடைய குறி மயிரிழையும் பிசகவில்லை. கோப்பை கை மாறியது. ஒன்றுமே பிடிக்காதவருக்கு ஆண்டுதோறும் தரும் மர அகப்பை எனக்கு வந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அவர்களுக்கு விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

பெரியவரின் காரில்தான் நான் வந்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இருபது நிமிடப் பயணத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, என் இன்ச் டேப்பே பழுதாக இருக்கலாம், சரிபார்த்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டார். டிசம்பரும் வந்துவிட்டது, டேப் திரும்பவில்லை. முன்னறை ஜன்னலுக்கு மனைவியின் பழைய சேலையைக் கட்டி வைத்திருக்கிறோம்.