மிகேலைப் பிழைக்க வைத்துப் பார்த்தேன்: ஹாப்ஸ்பர்க் சார்ட், மூன்றாவது வாரம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரமாக ஒரு சார்ட் அட்டை விரிந்து கிடக்கிறது: ‘இவர் சாகாமல் இருந்திருந்தால்?’ என்று நான் வரையும் கற்பனை அரச வம்சாவளி. அதில் ஒரு குழந்தையைச் சாகவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். பெயர் மிகேல். 1498 ஆகஸ்டில் சரகோசாவில் பிறந்தான். பெற்ற அன்றே தாய் இசபெல்லா போய்ச் சேர்ந்தாள். தந்தை போர்ச்சுகல் அரசர் மனுவேல்; அம்மாவைப் பெற்றவர்கள் அரகோன் பெர்டினாண்டும் காஸ்டீல் இசபெல்லாவும். ஆக, மூன்று முடிக்கும் இவன் ஒருவனே வாரிசு. 1500 ஜூலையில் கிரனாடாவில் இறந்தபோது இரண்டு வயதுகூட நிறையவில்லை. அதன்பிறகுதான் வாரிசுரிமை சித்தி ஹுவானாவுக்கு நகர்ந்து, அவள் மகன் சார்லஸ் வழியாக ஸ்பெயின், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வீட்டுக்குப் போனது.

முதலில் நான் பிழைக்க வைத்தது இவனையல்ல, தாய்மாமன் ஹுவானை. 1496, 97இல் ஸ்பெயின் அரச குடும்பமும் ஹாப்ஸ்பர்க் குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. ஹுவானா ஹாப்ஸ்பர்க் பிலிப்புக்கு. பிலிப்பின் தங்கை மார்கரெட் ஹுவானாவின் அண்ணன் ஹுவானுக்கு. கல்யாணமாகி ஆறே மாதத்தில், 19 வயதில் ஹுவான் இறந்துவிட்டான். அவன் பிழைத்தால் ஸ்பெயின் அவன் பிள்ளைகளுக்கு, பிலிப் தன் ஊரோடு. அரை மணி நேரத்தில் சப்பென்று ஆகிவிட்டது. அந்த அட்டையைக் கிழித்துவிட்டு மிகேலுக்கு வந்தேன்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு சாவைத்தான் மாற்றலாம், மற்றவர்கள் வரலாறு சொன்ன நாளிலேயே சாக வேண்டும். 1504 வரை சிக்கல் இல்லை. பாட்டி இசபெல்லா அந்த ஆண்டு நவம்பரில் காலமாகிறாள், ஆறு வயதுப் பையன் காஸ்டீலுக்கு அரசனாகிறான். அவன் பேரில் ஆள்வது தாத்தாவா அப்பாவா என்று பெர்டினாண்டும் மனுவேலும் முறைத்துக்கொள்கிறார்கள். எழுதும்போது இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

விதி உடைந்தது 1506இல். அந்த செப்டம்பரில் பிலிப் பர்கோஸ் நகரில் காய்ச்சல் கண்டு இறந்தான், வயது 28. பென்சிலால் அவன் பெயருக்குக் கீழே சிலுவை போடப் போனவன் நிறுத்திவிட்டேன். அவன் பர்கோஸுக்கு ஏன் போனான்? மனைவியின் காஸ்டீல் முடியில் பங்கு கேட்கத்தானே? மிகேல் இருந்தால் ஹுவானாவுக்கு முடியே கிடையாது. பிலிப் நெதர்லாந்தில் இருந்திருப்பான், அந்தக் காய்ச்சலும் வந்திருக்காது. சரி, விதியைத் திருத்தினேன்: போன இடத்தால் வந்த சாவு செல்லாது.

அதோடு சார்ட்டின் பாதி கவிழ்ந்தது. கணவனும் முடியைப் பிடுங்க ஆளில்லாத வாழ்க்கையும் இருக்கும்போது, ஹுவானாவை (நிஜத்தில் நடந்ததுபோல) ஸ்பெயினின் டோர்டெசியாஸ் ஊரில் நாற்பத்தாறு ஆண்டு அடைத்துவைக்க யாருக்கும் காரணம் இல்லை. பிலிப்பைச் சமாளிக்க பெர்டினாண்ட் பிரெஞ்சுக்காரர்களோடு உறவு தேடி பிரெஞ்சு அரச குடும்பத்து ஜெர்மேனைக் கட்டிய கல்யாணமும் நடக்காது. 1519 ஜனவரியில் பிலிப்பின் அப்பா, புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியன் இறக்கும்போது அடுத்த பேரரசர் தேர்தலில் நிற்பது 19 வயது சார்லஸ் அல்ல, நாற்பது வயது பிலிப். சார்லஸ் இல்லாமல் சார்ட் போடுவது என் திட்டமே இல்லை. அவனை ஓரத்தில் இளவரசனாக உட்காரவைத்தபோது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

நிஜத்தில் அந்தத் தேர்தலுக்கு ஆன செலவு எட்டரை லட்சம் கில்டர். பெரும்பங்கு ஜெர்மன் வங்கியாளர் யாகோப் ஃபுகர் கொடுத்த கடன். பின்னால் அதை அடைக்க ஸ்பெயினின் வீரத்துறவியர் சபைகளின் நில வருமானத்தை ஃபுகருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். என் பிலிப்பிடம் அந்த நிலம் இல்லை. ஆஸ்திரியாவின் டிரோல் வெள்ளிச் சுரங்கத்தை மட்டும் காட்டினால் ஃபுகர் எவ்வளவு நீட்டுவார்? பிரான்ஸ் அரசர் பிரான்சிஸ் வேறு எதிரில் நிற்கிறார். இந்தக் கட்டம் இன்னும் காலி.

மாறும் என்று நினைத்து மாறாதது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தன் மனைவி காதரினை (ஹுவானாவின் தங்கை) தள்ளிவைக்கப் பார்த்தபோது போப் தயங்கியதற்கு, அவளுடைய அக்கா மகன் சார்லஸ் பெரிய காரணம். மிகேலும் அவளுக்கு அக்கா மகன்தான். ஆனால் சார்லஸின் படை 1527இல் ரோமைச் சூறையாடியது போல மிகேல் செய்வானா என்று கேட்டால், இத்தாலியில் அவனுக்கு நேப்பிள்ஸ் இருக்கிறது, செய்யலாம்.

வரைகிற வேலையில் பெரிய தொல்லை பெயர்கள். நாலு இசபெல்லா. ஊரை வைத்து, நிறத்தை வைத்து என்று இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன், கடைசியில் பிறந்த வருடமே தோது. மரமாக ஆரம்பித்தது மீன்வலையாகிவிட்டதால் எக்செல்லும் கைவிட்டது.

இப்போது நிற்பது மிகேல் கல்யாணத்தில். வயதுக்கும் அரசியலுக்கும் பொருந்துகிற பெண் ஹுவானாவின் மூத்தவள் எலினோர். சித்தி மகள், தங்கை முறை! எழுதக் கை வரவில்லை. நிஜத்தில் அவளுக்கு வாய்த்தது அதைவிட மேல்: 1518இல் மனுவேலே அவளைக் கட்டிக்கொண்டார், அவளுடைய பெரியம்மாவையும் சித்தியையும் ஏற்கெனவே கட்டி முடித்த அதே மனுவேல். நெருங்கிய உறவில் கட்டிக்கொள்ள போப்பின் விலக்குச் சீட்டு வாங்கினால் போதும், அங்கே எதுவும் நடக்கும். பென்சிலால் லேசாக எழுதி வைத்திருக்கிறேன்.