வாய்க்கால் ஆக்கிரமிப்புக்கு மனு எழுதும்போது

வாய்க்காலை மறித்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்று மனு எழுதினால் பெறுநர் மாவட்ட ஆட்சியராக இருக்கலாம். ஆனால் அந்தத் தாள் கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் என்று இறங்கி, கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் கையில் வந்து நிற்கும். இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதுபவர் அவர். அவர் அலையாமல் இடத்தைக் கண்டுபிடிக்கும்படி மனு இருக்க வேண்டும்.

முதலில் புல எண், அதாவது சர்வே எண். தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் அ-பதிவேட்டையும் (எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமப் பதிவேடு) புலப்படத்தையும் (அந்த எண்ணின் அளவுகளோடு கூடிய வரைபடம்) பார்த்துவிடுங்கள். அ-பதிவேட்டில் அந்த எண் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் வழி நேரானது. பட்டா நிலம் என்று இருந்தால் நில ஆக்கிரமிப்புச் சட்டம் பொருந்தாது. அது அரசு நிலத்துக்கு மட்டும்தான். பட்டா நிலத்து நீர்வழித் தகராறு பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் முடியும். இதைப் பார்க்காமல் எழுதிய மனுக்கள்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகின்றன.

பிறகு புலப்படத்தில் வாய்க்காலின் அகலத்தைக் குறித்துக்கொண்டு, தரையில் நாடா பிடித்து அளந்து பாருங்கள். மனுவின் நடுப்பகுதிக்கு இப்படி ஒரு வாக்கியம் போதும்: “புல எண் 112/3இல் புலப்படப்படி 3 மீட்டர் அகலமுள்ள வாய்க்கால், பாலத்துக்குக் கிழக்கே சுமார் 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டராகக் குறைந்துள்ளது.” கட்டியவர் யாருடைய ஆள், யார் பணம் வாங்கினார் என்பதெல்லாம் வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒரு வரி இருந்தால் விசாரணை வாய்க்காலை விட்டு அந்த வரிக்குப் போய்விடும்.

“தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்” என்று முடிக்காதீர்கள். அதற்கு “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று பதில் வரும், மனு முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்கள். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நில அளவர் எல்லை அளந்து காட்ட வேண்டும், 1905ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி அறிவிப்பு தர வேண்டும், 6ஆம் பிரிவுப்படி அகற்ற வேண்டும். நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரி என்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு, அத்துறைப் பொறியாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

ஒரு மனுவில் ஒரே விஷயம். வாய்க்காலோடு தெருவிளக்கையும் சேர்த்தால் விளக்கைச் சரிசெய்துவிட்டு மனுவை மூடிவிட வாய்ப்புண்டு. இணைப்பாக அ-பதிவேடு நகல், புலப்படம், தேதி தெரியும் இரண்டு மூன்று புகைப்படங்கள் போதும். புகைப்படத்தின் பின்புறம் எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று எழுதிவிடுங்கள். அசல் ஆவணம் எதையும் கொடுக்க வேண்டாம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண்ணுள்ள ஒப்புகையைக் கையோடு வாங்குங்கள். முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100இல் மனுவின் நிலையைக் கேட்க அந்த மனு எண் வேண்டும்.

பதிலே இல்லையென்றால் மறுபடியும் அதே மனுவை எழுதுவதில் பயனில்லை. வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். “ஏன் அகற்றவில்லை?” என்று கேட்டால் விளக்கம் தரக் கடமையில்லை என்பார்கள். “மனு எண் இன்னதன் மீது கிராம நிர்வாக அலுவலர் அனுப்பிய அறிக்கையின் நகல், கோப்புக் குறிப்புகளின் நகல்” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)இன் கீழ் முதல் மேல்முறையீடு. மனு ஒப்புகையின் நகலை அதோடு வையுங்கள்.