கடன் டிக்கெட்டில் ஊர் திரும்பிய துருவப் பயணம்

பீட்டர்ஸ்பர்க் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. விமான நிலைய வாசலில் மறிக்கும் டாக்ஸிக்காரர்களிடம் வாயே கொடுக்காதீர்கள். என்னிடம் ஒருவர் கேட்ட தொகையில் இரண்டு நாள் சாப்பாட்டை முடித்துவிடலாம். அநியாயம்! வெளியே 39ஆம் எண் பஸ் நிற்கும், மாஸ்கோவ்ஸ்கயா மெட்ரோவில் இறக்கிவிடும். நம் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ரஷ்யாவில் செல்லாது. ரொக்கம்தான். அது கரைவதைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் சுற்ற வேண்டும்.

வழக்கமான அரண்மனைகளைப் பற்றி எழுதப் போவதில்லை. மராத்தா தெருவில் பழைய தேவாலயம் ஒன்றில் ஆர்க்டிக் அண்டார்க்டிக் அருங்காட்சியகம் இருக்கிறது. மேலே நிஜ விமானம் தொங்குகிறது! நான் போனது ரஷ்யத் துருவப் பயணி கியோர்கி செதோவுக்காக.

அசோவ் கடலோர மீனவர் வீட்டுப் பிள்ளை, 1877இல் பிறந்தவர். கடற்படையில் கடல் அளவையாளராகி, சைபீரியாவின் கொலிமா ஆற்று முகத்துவாரத்தையும் ஆர்க்டிக் தீவான நோவாயா ஜெம்லியாவின் கிரெஸ்தோவயா விரிகுடாவையும் அளந்தார். அதோடு நின்றிருக்கலாம். வட துருவ ஆசை விடவில்லை. அரசாங்கம் கைவிரித்தது, பத்திரிகை வழியாக நன்கொடை திரட்டி 1912 ஆகஸ்டில் வட ரஷ்யத் துறைமுகமான ஆர்க்காங்கெல்ஸ்கிலிருந்து 'ஃபோகா' என்ற பழைய கப்பலில் கிளம்பினார்.

பார்த்து முடித்ததும் பசி. பக்கத்தில் ஒரு ஸ்தலோவயா, அதாவது தட்டேந்தி வரிசையில் நகரும் மலிவு உணவகம். ஆவி பறக்கும் போர்ஷ் என்ற பீட்ரூட் சூப், மேலே ஒரு கரண்டி புளித்த கிரீம், கறுப்பு ரொட்டி, பொரித்த மீன். பயணத்தின் மிகச் சிறந்த சாப்பாடு இதுதான், அதுவும் டாக்ஸிக்காரர் கேட்டதில் ஒரு துளி காசுக்கு. மீனைக் கடித்தபோது செதோவ் ஞாபகம்தான். ஆர்க்காங்கெல்ஸ்க் வியாபாரிகள் அவர் தலையில் கட்டியது கெட்டுப்போன உப்பு மீன். அங்கே வாங்கிய நாய்களில் பலவும் பனிவண்டி இழுக்கவே லாயக்கில்லாதவை. கரடி இறைச்சி தின்றவர்கள் தப்பினார்கள், மற்றவர்களை வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் பிடித்தது. செதோவையும்தான்.

அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1914 பிப்ரவரியில், நிற்கவே முடியாத உடம்போடு, இரண்டு மாலுமிகளையும் கூட்டிக்கொண்டு துருவத்துக்குக் கிளம்பினார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம்! திரும்பி வரும் அளவுக்கு உணவும் கிடையாது. இது வீரம் இல்லை, பிடிவாதம். ஆர்க்டிக்கில் ஃபிரான்ஸ் ஜோசப் நிலம் என்ற தீவுக்கூட்டத்தின் ருடால்ஃப் தீவை நெருங்கும்போது இறந்துபோனார். அந்த இரண்டு மாலுமிகள் எப்படியோ கப்பலுக்குத் திரும்பிச் சேர்ந்தார்களே, அவர்களுக்கல்லவா சிலை வைக்க வேண்டும்?

ஃபோகா திரும்பும் வழியில் நிலக்கரி இல்லை, கப்பலின் மரத்தையே உடைத்து எரித்தார்கள். அந்த நிலையிலும் அதே தீவுக்கூட்டத்தின் ஃப்ளோரா முனையில் தவித்த, வேறொரு ரஷ்யக் கப்பலிலிருந்து தப்பி வந்த அல்பானோவையும் கொன்ராதையும் ஏற்றிக்கொண்டார்கள். ரஷ்யக் கரையைத் தொட்டபோது கையில் காசில்லை. ஆர்க்காங்கெல்ஸ்குக்குப் பயணிகள் கப்பலில் கடன் சொல்லித்தான் போனார்கள். செலவை எண்ணிக்கொண்டே ஊர் சுற்றுகிற எனக்கு, செதோவ் கதையில் மறக்காத இடம் இதுதான்.

திங்கள், செவ்வாயில் அருங்காட்சியகம் மூடியிருக்கும், பார்த்துப் போங்கள்.